செவியின் தீர்ப்பும் சமூகத்தின் தீர்ப்பும்

மொழிகளைப் பற்றி நாம் வழங்கும் தீர்ப்புக்களுள் மிக எளிதாக வழங்கப்படுவது ஓசை பற்றிய தீர்ப்பாகும். பிரெஞ்சு இனியது, ஜேர்மன் கரடுமுரடானது, யாழ்ப்பாணத்தார் பேச்சு வன்மையானது, மட்டக்களப்பார் பேச்சு பாட்டுப் போன்றது, தோட்டத்துப் பேச்சு கொச்சையானது என்றெல்லாம் கற்றோரும் மற்றோரும் கூறுவர். இதற்குச் சான்று கேட்பார் இல்லை. காதுக்குத் தெரியாதா என்பதே பலரின் எண்ணம். ஆனால் அந்தக் காது யாருடையது? அது எந்தச் சூழலிற் பழகியது? நமது சிறுகதையிலும் நாடகத்திலும் திரைப்படத்திலும் யாருடைய பேச்சு எவ்வாறு ஒலிக்கிறது என்பது, சமூகத்தில் யாருக்கு என்ன மதிப்பு என்பதோடு பிணைந்துள்ளது. ஆதலால் விமரிசகன் இக்கேள்விகளைத் தட்டிக் கழித்தல் ஆகாது.

பண்டைக் கிரேக்கர் தமது மொழி பேசாதாரைப் 'பர்பரோஸ்' என்றனர். அயலார் பேச்சு அவர்களுக்குப் 'பர், பர்' என்று கேட்டதாற் பிறந்த சொல் அது. நாளடைவில் அதுவே நாகரிகமற்றவன் என்ற பொருளைப் பெற்றது. வடமொழியிலுள்ள 'மிலேச்சர்' என்ற சொல்லும் தெளிவற்ற பேச்சு என்னும் கருத்தோடு தொடர்புடையதே. அறியாத மொழி எதுவும் நமக்கு விரைவாகவே கேட்கும். ஒரு சொல் எங்கே முடிந்து மறுசொல் எங்கே தொடங்குகிறது என்பது நமக்குத் தெரியாமையே காரணம். கேட்பவனின் அறியாமை பேசுபவனின் குறையாக மாற்றப்படும் விந்தையை இங்கே காண்கிறோம்.

இது வெறும் ஊகமன்று. கனடாவின் மொன்றியல் நகரில் லாம்பேர்ட் என்னும் உளவியலாளரும் அவருடைய துணைவரும் நடத்திய ஆய்வொன்று 1960இல் வெளியாயிற்று. இருமொழியும் வல்ல சிலரை ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் ஒரே பகுதியை வாசிக்கச் செய்து ஒலிப்பதிந்தனர். இரண்டும் ஒருவரின் குரலே என்பதைக் கேட்போர் அறியார். ஆங்கிலத்தில் வாசித்தபோது அறிவாளியாகவும் நம்பத்தக்கவராகவும் தோன்றிய அதே மனிதர், பிரெஞ்சில் வாசித்தபோது மதிப்பிற் குறைந்தார். ஆங்கிலேய வழியினர் மட்டுமல்ல, பிரெஞ்சு வழியினரும் பெரும்பாலும் அவ்வாறே தீர்ப்பளித்தனர். பொருளாதார மேலாண்மை அந்நகரில் அந்நாளில் யாரிடம் இருந்தது என்பதை அறிந்தவர்க்கு இம்முடிவு வியப்பளிக்காது. ஒடுக்கப்பட்டவனின் செவியும் ஒடுக்குபவனின் அளவுகோலை ஏற்றுவிடுகிறது.

மற்றொரு சான்று. உயிரொலிக்குப் பின்வரும் ரகரத்தை ஒலியாது விடுதல் இங்கிலாந்தில் மேன்மக்கள் பேச்சின் அடையாளம். நியூயோர்க்கிலோ அதனை ஒலித்தலே உயர்வு, விடுதல் தாழ்வு என்பதை 1966இல் வெளிவந்த லபோவின் ஆய்வு காட்டிற்று. இனிமை அந்த ரகரத்தில் இருந்திருந்தால், கடலைக் கடந்ததும் அது மாறியிருக்குமா? இன்னும், கிரேக்க மொழி அறியாத பிரித்தானியருக்கு ஏதென்ஸ் பேச்சும் கிரீட் தீவுப் பேச்சும் 1970களில் கேட்பிக்கப்பட்டன. கிரேக்கர் ஏதென்ஸ் பேச்சையே உயர்ந்ததாகக் கொள்வர். அம்மதிப்பை அறியாத செவிகளோ இரண்டிற்குமிடையே ஏற்றத்தாழ்வு காணவில்லை.

இனி நம் வீட்டுக்கு வருவோம். 'ற்ற' என்னும் இரட்டையை நாம் ரகரம் கலவாத வல்லொலியாகவே ஒலிக்கிறோம். தமிழ்நாட்டிற் படிப்போர் பலர் ரகரம் சேர்த்து ஒலிப்பர். 'அவன்', 'இவன்' என்பவற்றோடு 'உவன்' என்ற மூன்றாஞ் சுட்டும் யாழ்ப்பாணப் பேச்சில் வாழ்கிறது. 'பேசினான்' என்றால் நமக்கு ஏசினான் என்று பொருள். உரையாடுதலைக் 'கதைத்தல்' என்போம். இப்பேச்சைக் கேட்ட தமிழ்நாட்டார் பலர் 'மலையாளமோ?' என்று வினவியதை நம்மவர் சினத்தோடு சொல்வதுண்டு. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த 'தெனாலி' திரைப்படத்தில் இத்தமிழ், கண்டதற்கெல்லாம் அஞ்சும் ஓர் ஈழத்தவனின் வாயில் வைக்கப்பட்டு நகைப்புக்கு உதவிற்று. போர் தந்த அச்சமும் அந்த மண்ணின் பேச்சும் ஒருங்கே வேடிக்கையாயின.

நமது சினம் நியாயமானது. ஆயினும் அதே சினத்தோடு நம்மை நாமே பார்த்தோமா? யாழ்ப்பாணத்தான் தன் பேச்சிற் பழந்தமிழ் வடிவங்கள் இருப்பதால் அதுவே செந்தமிழ் என்று பெருமை கொள்கிறான். பழமை ஒரு பேச்சின் வரலாற்றைக் காட்டுமேயன்றி உயர்வைக் காட்டாது. மட்டக்களப்பாரின் 'மறுகா' நம் மாணவருக்குச் சிரிப்பூட்டுகிறது. தோட்டத்துப் பிள்ளை 'பெரட்டு' என்றும் 'லயம்' என்றும் சொன்னால் வகுப்பறையில் முணுமுணுப்பு எழுகிறது. அச்சொற்களில் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட உழைப்பின் வரலாறு உறைந்திருப்பதை நாம் கற்பிப்பதில்லை. 1948இன் சட்டம் அம்மக்களின் குடியுரிமையைப் பறித்தது. நமது நகைப்போ அவர்களுடைய குழந்தைகளின் நாவைக் கட்டுகிறது. இரண்டு முறை சிரிப்புக்கு ஆளான பிள்ளை மூன்றாம் முறை கையுயர்த்துவதில்லை. அதனை நாம் 'மந்தம்' என்று அறிக்கையில் எழுதுகிறோம்.

இவ்விடத்தில் 1960களின் முற்பகுதியில் நிகழ்ந்த மரபுப் போராட்டத்தை நினைவு கூர்தல் தகும். முற்போக்கு எழுத்தாளர் மக்கள் பேச்சை எழுத்திற் கொணர்ந்தபோது பண்டிதர் சிலர் அதனை 'இழிசனர் வழக்கு' என்றனர். அவர்கள் உண்மையில் வெறுத்தது சொல்லையா, சொல்லியவனையா? பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை தமது நாடகங்களிற் பேச்சுத் தமிழைக் கையாண்டு 1940இலேயே நூலாக்கியிருந்தார். டொமினிக் ஜீவாவும் டானியலும் ஒடுக்கப்பட்டோரின் குரலை அச்சேற்றியபோதே எதிர்ப்பு உக்கிரமடைந்தது.

அப்போரில் முற்போக்காளர் பக்கமே நியாயம் இருந்தது. ஆயினும் வென்றவர் கையிலும் ஒரு பழுது தங்கிற்று. நமது கதைகள் பலவற்றில் ஆசிரியன் செந்தமிழிற் சிந்திக்கிறான்; படித்த பாத்திரம் திருத்தமாகப் பேசுகிறது; கூலியாளும் கிழவியும் மட்டுமே வட்டார வழக்கில் பேசுகின்றனர். வட்டார வழக்கு அங்கே மண்ணின் மணமன்று, வறுமையின் சீருடை. படித்தவனுக்கும் ஊர் உண்டு. அவன் பேச்சிலும் அந்த ஊர் ஒலிக்க வேண்டும். வானொலியிற் புகழ்பெற்று 1976இல் திரைக்கு வந்த 'கோமாளிகள்' இவ்வகையிற் கவனத்துக்குரியது. முஸ்லிம் பேச்சு, யாழ்ப்பாணப் பேச்சு, சிங்களவர் பேசும் தமிழ், பிராமணர் பேச்சு ஆகிய யாவும் அங்கே ஒருசேர நகைப்புக்குரியனவாயின. எல்லாரையும் பார்த்துச் சிரித்ததால் ஒருவர் மட்டும் தாழவில்லை; அது அதன் நன்மை. ஆனால் அப்பேச்சுக்கள் நகைச்சுவை எல்லையைத் தாண்டித் துயரத்தையும் சிந்தனையையும் ஏந்தவில்லை. அது அதன் எல்லை. கேலியை மட்டும் கேட்டுப் பழகிய செவி அப்பேச்சில் அழுகையைக் கேட்டாலும் சிரிக்கவே முனையும்.

பொதுமொழி வேண்டாவோ என்று சிலர் கேட்பர். வேண்டும். மட்டக்களப்பானும் மன்னாரானும் மலையகத்தானும் ஒருவருக்கொருவர் எழுதவும், அறிவியல் கற்கவும், உரிமை கேட்கவும் பொதுவான எழுத்துத் தமிழ் இன்றியமையாதது. அதனை உழைக்கும் மக்களின் பிள்ளைகளுக்கு முழுமையாகக் கற்பித்தல் ஆசிரியரின் கடன். ஆனால் ஒன்றைக் கற்பிப்பதற்கு மற்றொன்றை இழித்துரைக்க வேண்டியதில்லை. 'இது எழுத்துக்கு உரியது, அது உன் ஊருக்கு உரியது' என்பது கல்வி. 'உன் ஊர்ப் பேச்சுப் பிழை' என்பது அவமதிப்பு.

இது நயத்தக்க இரசனை பற்றிய விவாதம் மட்டுமன்று. 1958இலும் 1983இலும் தெருவில் மறிக்கப்பட்டோரிடம் வாளிக்குரிய 'பால்திய' என்ற சிங்களச் சொல்லைச் சொல்லுமாறு கேட்டதைத் தப்பியவர்கள் கூறியிருக்கின்றனர். முதலொலி வகரமாகத் திரிந்தால் அவன் தமிழன். ஓர் ஒலிக்கு ஓர் உயிர் விலையாயிற்று. அந்தக் கொடுமையும் வகுப்பறைச் சிரிப்பும் ஒன்றல்ல. அவற்றுக்கிடையே உள்ள தூரம் பெரிது. எனினும் ஒருவன் உதட்டசைவைக் கொண்டு அவனை அளக்கும் பழக்கம் இரண்டிற்கும் பொதுவானது.

செவி பிறப்பிலேயே தீர்ப்புச் சொல்வதில்லை, அது பழக்கப்படுகிறது. பழக்கப்பட்டதை மாற்றிப் பழக்கவும் முடியும். எழுத்தாளர் வட்டாரப் பேச்சுக்கு அறிவையும் கோபத்தையும் காதலையும் கொடுக்கட்டும். ஆசிரியர் நான்கு ஊர்ப் பேச்சையும் வகுப்பிற் சரிசமமாக ஒலிக்கச் செய்யட்டும். விமரிசகர் 'இனிய நடை', 'கொச்சை நடை' என்று எழுதுமுன், யாருக்கு இனியது, யார் சொன்ன கொச்சை என்று ஒருமுறை தம்மையே கேட்டுக்கொள்ளட்டும்.