பாதியில் நின்ற வேலைக்கு யார் பொறுப்பு?

கோட்டக்குப்பத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையோரக் கடையில் ஒருவர் கியூஆர் கோடை ஸ்கேன் செய்து யுபிஐ வழியாகப் பணம் செலுத்தும்போது, அவருடைய செயலி, அவருடைய வங்கி, கடைக்காரரின் வங்கி, நடுவில் தேசியக் கொடுப்பனவுக் கழகமான என்பிசிஐ எனப் பல அமைப்புகள் சில நொடிகளுக்குள் பேசிக்கொள்கின்றன. 2016இல் தொடங்கிய யுபிஐயில் எந்த வங்கியின் மென்பொருளும் இன்னொரு வங்கியின் கணக்குப் பதிவுக்குள் கைவைப்பதில்லை. ஒவ்வொன்றும் வரையறுத்த வடிவில் வரும் கேள்விக்கு வரையறுத்த வடிவில் பதில் சொல்கிறது. தனித்தனிச் சேவைகளைக் கோத்து ஒரு முழு வேலையை முடிக்கும் கலை இதுதான். எல்லாம் ஒழுங்காக நடக்கும் நாளில் எந்த முறையும் நன்றாகவே தெரியும். பணம் கழிந்து, போய்ச் சேராமல் நின்றுவிட்டால் கழிந்ததைத் திருப்புவது யார் என்ற கேள்வியே இக்கலைக்கு உரைகல்.

இக்கலையில் இரண்டு மரபுகள் உண்டு. முதலாவது ஆர்க்கெஸ்ட்ரேஷன்: எந்தச் சேவையை எப்போது அழைப்பது என்பதை நடுவிலுள்ள ஒரு நிரல் தீர்மானிக்கும். ஐபிஎம்மின் டபிள்யூஎஸ்எஃப்எல், மைக்ரோசாப்டின் எக்ஸ்லாங் ஆகிய இரு நிரல்மொழிகளும் கலந்து 2002இல் பிபெல் மொழி பிறந்தது. 2007இல் அதன் 2.0 பதிப்பை ஓயாசிஸ் என்ற தரநிர்ணய அமைப்பு தரமாக ஏற்றது. நடந்து முடிந்த படியை ஈடுசெய்யும் மாற்று நடவடிக்கையையும் நிரலிலேயே எழுத இடம் தந்ததுதான் அதன் பெருமை. நீண்ட பரிவர்த்தனைகளுக்காக கார்சியா-மொலினா, சேலம் என்ற ஆய்வாளர்கள் 1987இல் முன்வைத்த ‘சாகா’வும் இதே சிந்தனைதான். இரண்டாவது மரபு கொரியோகிராஃபி: மேய்க்க ஒருவர் இல்லாமல், செய்திகளின் வரிசையைப் பங்கேற்பாளர்கள் ஒப்புக்கொண்டு நடப்பது. இதற்காக எழுந்த டபிள்யூஎஸ்-சிடிஎல் மொழி, 2005இல் இணையத் தர அமைப்பான டபிள்யூ3சியின் பரிந்துரை வேட்பாளர் நிலையை எட்டி, அதற்கு மேல் போகவில்லை. ஆனால் அந்தச் சிந்தனை சாகவில்லை: ஓஎன்டிசி வணிக வலையமைப்பில் வாங்குபவரின் செயலியும் விற்பவரின் செயலியும் பெக்கன் நெறிமுறைப்படி நேரடியாகவே ஆர்டரைப் பேசி முடிக்கின்றன.

எக்ஸ்எம்எல் சுமையோடு வந்த பிபெல் போன்ற தரங்கள் காலாவதியாகிவிட்டன, எளிய ரெஸ்ட் முறையும் ஜேசன் வடிவமும் இருக்க அவற்றைப் படிப்பானேன் என்று கேட்பார்கள். மொழி காலாவதியானது உண்மை. அது தீர்க்க முயன்ற சிக்கல் அப்படியே இருக்கிறது. கடைக்குச் செலுத்திய யுபிஐ தொகை கழிந்தும் உறுதியாகாவிட்டால் 5 நாட்களுக்குள் தானாகத் திரும்ப வேண்டும், தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி சொன்னது. பிபெல் நிரலுக்குள் எழுதச் சொன்ன ஈட்டை, கெடுவும் விலையும் வைத்துச் சட்டம் கேட்கிறது.

மையம் விழுந்தால் எல்லாம் விழும் என்பது அடுத்த மறுப்பு. அதுவும் நியாயமே. ஆனால் மையம் இல்லாத இடத்தில் வேலை எங்கே நின்றது என்று அறிய ஒவ்வொருவரும் தன் பதிவைத் தானே காக்க வேண்டும். தவறும்போது பழி ஊர்ச்சொத்தாகிவிடும். ஆகவே பணப் பரிமாற்றம்போல் ஒரே கணக்கு ஒத்துப்போக வேண்டிய இடத்துக்கு முதல் மரபும், பலர் புதிது புதிதாக வந்து சேரும் சந்தைக்கு இரண்டாம் மரபும் பொருந்தும். எதைத் தேர்ந்தாலும், சேவைகளை இணைக்கும் முதல் வரிக்கு முன்பே அவை செய்ததைத் திருப்பும் விதியை எழுதி, அதற்குப் பொறுப்பாளரையும் குறித்துவிட வேண்டும். அதைச் செய்யாத இணைப்பு, எவ்வளவு வேகமாக ஓடினாலும், அரைகுறை வேலைதான்.