குடும்பப் பாசமும் பொது வைத்தியசாலையும்: ‘மெர்சல்’ திரைப்படத்தை முன்வைத்துச் சில குறிப்புகள்

நோயாளி தன் உடலை முன்பின் அறியாத ஒருவரிடம் ஒப்படைக்கிறார். அந்நம்பிக்கை எத்தகைய சமுதாய உறவின் பேரில் நிகழ்கிறது என்பதே மருத்துவக் களத்தில் அமைந்த மர்மப் படங்களை நோக்குமிடத்து நாம் முதலிற் கேட்கவேண்டிய வினாவாகும். 2017இல் அட்லீயின் இயக்கத்திலே, விஜய் மூன்று வேடங்கள் ஏற்று வெளிவந்த ‘மெர்சல்’ இவ்வினாவைச் செவ்வையாகத் தொடங்கித் தவறாக முடிக்கிறது.

படத்தின் வலிமை முழுவதும் முற்கதையிலே உள்ளது. மருத்துவ வசதியின்றிக் குழந்தைகள் இறந்தமை கண்டு ஊர்த்தலைவன் வெற்றிமாறன் ஊருக்கென ஒரு வைத்தியசாலையை எழுப்புகிறான். டானியேல் என்னும் வைத்தியனை நம்பி அதனை ஒப்படைக்கிறான். சேவை பண்டமாகிறது. பணத்துக்காகச் செய்யப்பட்ட, தேவையற்ற பிரசவ சத்திரசிகிச்சையிலே வெற்றிமாறனின் மனைவியே மயக்கமருந்து மிகுந்து மடிகிறாள். பொதுச்சொத்து தனியுடைமையாகும் நிகழ்முறையை இத்துணை நேராகக் காட்டிய வெகுசனத் தமிழ்ப்படங்கள் சிலவே.

ஆயின், பிற்பாதியில் ஊர் எங்கே? வைத்தியசாலைக்கு உரிமையுடைய மக்கள் பார்வையாளராகிவிட, மாறன், வெற்றி என்னும் இரு புதல்வரின் பழிவாங்கலே கதையாகிறது. வர்க்க முரண்பாடு குருதிப் பகையாகச் சுருங்குகிறது. இத்தனைக்கும் அவ்விருவரையும் வளர்த்தோர் பெற்றோரல்லர் என்பது மனங்கொள்ளத்தக்கது. இரத்த உறவுக்கு அப்பாற்பட்ட இவ்வன்பே படத்தின் உண்மையான குடும்பப் பாசம். இயக்குநரோ வடிவேலு ஏற்ற வளர்ப்புத் தந்தையைப் பெரிதும் நகைச்சுவைக்கே பயன்படுத்திவிட்டார். எஸ். பி. ஜனநாதனின் ‘ஈ’ (2006) சேரிமக்கள் மீது நிகழ்த்தப்படும் மருந்துப் பரிசோதனையைக் காட்டியபோது துரோகத்தின் வர்க்க முகத்தை இவ்வாறு மறைக்கவில்லை.

இவ்விடத்திலே மன்னார்க் கரையின் நாடக மரபை நினைவுகூர்தல் பொருந்தும். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களிலே மன்னார் நாடக ஏடுகளைப் பதிப்பித்ததன் பயனாக அம்மரபு ஆய்வுலகின் கவனத்தைப் பெற்றது. பாடுகளின் நாடகத்திலே யூதாசு மட்டும் துரோகியாக நிற்பதில்லை. முப்பது வெள்ளிக்காசும், அதனை எண்ணிக் கொடுப்போரும் மேடையிலே தோன்றுவர். காட்டிக்கொடுத்தவனும் விலைக்கு வாங்கியவரும் ஒருங்கே காணப்படுவர். ‘மெர்சலி’லே டானியேலின் கொடுமைக்குப் பஞ்சமில்லை. அவனை ஆக்கிய காப்புறுதி, மருந்துக் கம்பனிகள், முதலீடு ஆகியனவோ வசனங்களோடு நின்றுவிடுகின்றன. கிராமியக் கலைஞர் கண்ட உண்மையை நவீன தொழில்நுட்பம் காணத் தவறியது வியப்பே.

இறுதி உரையிலே கதாநாயகன் சிங்கப்பூரை முன்மாதிரியாக்குகிறான். சரக்கு, சேவை வரி பற்றிய அவ்வுரைக்குப் பாரதீய ஜனதாக் கட்சியினர் எதிர்ப்புத் தெரிவித்தமை அறிந்ததே. ஆனால் சிங்கப்பூரின் மருத்துவம் இலவசமன்று. கட்டாயச் சேமிப்பிலும் நோயாளியின் கட்டணத்திலும் தங்கியது. தனுஷ்கோடிக்கு ஏறத்தாழ முப்பது கிலோமீற்றர் அப்பால், தலைமன்னார் முதல் தெற்கே மாத்தறை வரை, 1950களின் தொடக்கம் முதல் அரச வைத்தியசாலைகள் கட்டணமின்றி இயங்கி வருவது வசனகர்த்தாக்களுக்குத் தென்படவில்லை.

இது பெருமைப்படுவதற்காகக் கூறப்படுவதன்று. 2024இல் மன்னார் வைத்தியசாலையிலே பேறுகால மரணங்கள் நிகழ்ந்தன. நவம்பரில் தாயும் சேயும் இறந்தபோது மக்கள் அதன் வாயிலிலே திரண்டனர். தனியொரு மரணத்தின் பொறுப்பைத் தீர்ப்பது விமரிசனத்தின் பணியன்று. ஆயினும் அங்கே டானியேல் போன்ற முதலாளி எவருமில்லை, கட்டணமுமில்லை. இருந்தும், நம்பிக்கை முறிந்தது. 2022இன் பொருளாதார வீழ்ச்சிக்குப்பின் வைத்தியர் பலர் நாட்டைவிட்டு நீங்கினர். தலைநகருக்குத் தொலைவிலுள்ள மாவட்டங்களை விசேட வைத்தியர் பற்றாக்குறை கூடுதலாக வருத்துகிறது. திரைப்படத்தின் வாய்பாட்டிலே பயின்ற கண், இவை யாவற்றையும் விட்டு, அன்றிரவு கடமையிலிருந்த ஒருவரிடத்தே வில்லனைத் தேடும். வாயிலிலே நின்றவர்கள் இறந்தவளின் உறவினர் மட்டுமல்லர். ‘மெர்சல்’ தன் பிற்பாதியிலே தொலைத்துவிட்ட ஊர் அங்கே நின்றது.