கராஷிமா பெற்ற விருதும் நாம் படிக்காத பாடமும்

2013 மே மாதம் டோக்கியோவில், அன்றைய பிரதமர் மன்மோகன் சிங், ஜப்பானிய வரலாற்றறிஞர் நொபுரு கராஷிமாவுக்குப் பத்மஸ்ரீ விருதை நேரில் வழங்கினார். 1995இல் ஃபுகுவோகா ஆசியப் பண்பாட்டுப் பரிசும் பெற்றிருந்தவர் அவர். நம் மேடைகளோ "தமிழ் கற்ற ஜப்பானியர்" என்ற வியப்போடு நின்றுவிட்டன. நஹ்வும் ஸர்ஃபும் முடித்த மாணவனை 'அரபு தெரிந்தவன்' என்று சால்வை போர்த்தி அனுப்பிவிட்டால் அவன் தஃப்ஸீருக்கு எப்போது வந்து சேர்வான்?

கராஷிமாவுக்குத் தமிழ் ஒரு கருவி. 1960களின் தொடக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்து கல்வெட்டு பயின்றார். திருச்சி வட்டாரத்து அல்லூர், ஈசானமங்கலம் ஆகிய இரு சோழர்கால ஊர்களின் நிலவுரிமையை ஒப்பிட்டார். முன்னதில் நிலம் ஊராரின் பொதுவுடைமையாகவும், பிரமதேயமான பின்னதில் தனியுடைமையாகவும் இருந்ததைக் கல்வெட்டு வாசகங்களிலிருந்தே காட்டினார். மாறாத கீழைநாட்டுக் கிராமம் என்ற ஐரோப்பியக் கற்பனை இதனால் ஆட்டம் கண்டது. பின்னர் எ. சுப்பராயலு, தோரு மட்சுயி ஆகியோருடன் சோழர் கல்வெட்டுகளில் வரும் பெயர்களை மூன்று தொகுதிகளாக நிரல்படுத்தி 1978இல் வெளியிட்டார். கூட்டம் கைதட்டும் வேலையன்று அது. தமிழும் ஜப்பானிய மொழியும் உறவுடையன என்ற சுசுமு ஓனோவின் கருத்தை மொழியியலாளர் பெரும்பாலோர் ஏற்கவில்லை. ஆயினும் நம்மவர் நாவில் அதிகம் புரள்வது ஓனோவின் பெயரே.

நமக்கு நெருக்கமான செய்தியொன்று உண்டு. இராமநாதபுரம் கடற்கரையின் பெரியபட்டினம், பழம்பெரும் முஸ்லிம் ஊர். அங்கே மண்ணில் கிடந்த சீனப் பீங்கான் ஓடுகளைக் கராஷிமா ஆராய்ந்து, 13, 14ஆம் நூற்றாண்டுகளில் அத்துறைமுகம் சீனத்தோடு நடத்திய வணிகத்திற்குச் சான்றாக வைத்தார். நாம் பெருமை பேசிக் கடந்துபோன தெருக்களில் அவர் குனிந்து ஓடு பொறுக்கினார். இதை வெட்கத்துடனேயே எழுதுகிறேன்.

உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தின் தலைவராக இருந்தபோது, அரசு விரும்பிய மாநாட்டுக்கு ஆய்வாளர்கள் ஆயத்தமாகப் போதிய அவகாசமில்லை என்று இசைவு மறுத்ததும், 2010இல் அப்பொறுப்பிலிருந்து விலகியதும், என் கணிப்பில், எந்தப் பட்டயத்துக்கும் குறைந்தவையல்ல.

மறுதிசையில் நாம் செய்தது என்ன? தொஷிஹிகோ இசுட்சு 1950களின் பிற்பகுதியில் அரபு மூலத்திலிருந்தே திருக்குர்ஆனை ஜப்பானிய மொழியில் தந்தார். குர்ஆனின் சொற்களை ஆராய்ந்து அவர் ஆங்கிலத்தில் எழுதிய நூல்களையேனும் நம் மதரஸாக்களில் எத்தனை பேர் புரட்டியிருப்போம்?

காஞ்சிபுரத்திலும் இன்று ஜப்பானிய மொழி படிக்கிறார்கள். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகள் அழைக்கின்றன. அதில் குறை காண்பதற்கில்லை. தறியை மட்டும் நம்பியிருந்த வீடுகளில் அடுப்பு எரிய வேண்டும். என்னிடம் அரபு பயின்ற நெசவாளர் வீட்டுப் பிள்ளையொருவர் ஜப்பானிய மொழித் தேர்வில் நான்காம் நிலை தேறிய சான்றிதழைக் கொண்டுவந்து காட்டினார். துஆ செய்துவிட்டுக் கராஷிமாவைப் பற்றிக் கேட்டேன்.

"எந்தக் கம்பெனியில் இருக்கிறார், ஹஜ்ரத்?" என்றார்.