கழித்துக்கட்டிய ஓசைகள்

'ஆப்பிரிக்கக் காட்டின் இயற்கை ஓசை, எட்டு மணி நேரம், மனிதச் சத்தம் துளியும் இல்லை' என்ற வகைப் பதிவுகளுக்கு நம் கெடா ஊர்களிலும் இப்போது கிராக்கி. சுங்கை பட்டாணி யோகா வகுப்பில் ஓடுகிறது. பாலிங்கில் தூக்கம் வராதவர்களின் தலைமாட்டிலும் ஓடுகிறது. தூங்கட்டும், அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் அந்த விளம்பரத்தின் பின்பாதி மெல்ல ஒரு கொள்கையாகிவிட்டது. மனிதன் இல்லாத ஒலிதான் சுத்தமாம்; சுத்தமானதுதான் பதிவு செய்யத் தக்கதாம். இலக்கியக் கூட்டங்களிலும் இதைச் சூழலியல் ஞானம்போல எடுத்துவிடுகிறார்கள். இந்தக் கலையின் வரலாறு அவர்களுக்குத் துணைநிற்காது.

உலகில் பதிவான முதல் பறவைப் பாட்டு என்று அறியப்படுவது 1889இல் ஜெர்மனியில், லுட்விக் கோக் என்ற எட்டு வயதுச் சிறுவன் எடிசனின் மெழுகு உருளையில் பிடித்தது. பாடியது ஒரு சோலைபாடி. மலாய்க்காரர்கள் முராய் பத்து என்று கூண்டில் வைத்துக் கொஞ்சுகிறார்களே, அதே இனம். நம் வட்டாரக் காடுகளுக்கும் உரியது. ஒரு வீடு, ஒரு கூண்டு, ஒரு பையன். கன்னிக்காடு எங்கும் இல்லை. 1924இல் பிபிசி வானொலி, பியாட்ரிஸ் ஹாரிசன் தோட்டத்தில் செல்லோ வாசிக்க, புதரில் நைட்டிங்கேல் பாடியதை நேரடியாக ஒலிபரப்பியது. 1929இல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஆர்தர் ஆலன் சினிமா ஒலிச்சுருளில் பறவைக் குரல்களைப் பிடித்தார். ஆப்பிரிக்காவுக்கு முன்னோடி, கென்யாவில் நிர்வாக அதிகாரியாக இருந்த மைல்ஸ் நார்த். அவருடைய இசைத்தட்டு 1958இல் வந்தது. பிரெஞ்சுக்காரர் குளோத் ஷாப்புயி ஆயுளையே செலவிட்டு, வடக்கு, மேற்கு, மத்திய ஆப்பிரிக்கப் பறவைகளை 2000இல் 15 குறுந்தட்டுகளாக வெளியிட்டார். இவர்கள் யாரும் நம்மைத் தூங்கவைக்க முயலவில்லை. எந்தப் பறவை, எந்த இடம் என்று சொல்லிவிட்டுக் கேட்கவைத்தார்கள்.

சறுக்கல் 1969இல் தொடங்குகிறது. நியூயார்க்கில் இர்வ் டைபெல் கடலலை ஓசையைப் பதிந்து, ஐபிஎம் கணினியில் ஏற்றித் 'திருத்தி', மனதுக்கு உகந்த கடற்கரை என்று விற்றார். கடலுக்கே ஒப்பனை! இன்றைய எட்டு மணி நேரச் சரக்கின் பாட்டன் அந்தத் தட்டுதான். அதே காலத்தில் எதிர்த்திசையில் நடந்தவர் கனடாவின் மரீ ஷேஃபர். ஒலிச்சூழல் என்ற கருத்தை உலகெங்கும் பரப்பியவர் அவர். 1973இல் அவர் குழு வெளியிட்ட வான்கூவர் பதிவில் கப்பல்களின் மூடுபனிச் சங்கும் கேட்கும், ஆலயமணியும் கேட்கும். ஓர் ஊர் தன் ஓசையால் அடையாளம் பெறுகிறது என்ற எளிய உண்மையை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. எனக்குப் பிடித்த காலம் அது. அது சீக்கிரம் முடிந்துபோனதில் எனக்கு ஆற்றாமை உண்டு.

பிறகு வந்தவர் பெர்னி கிராஸ். மின்னிசைக் கலைஞராக இருந்து 1968 முதல் காட்டோசை பதிந்தவர், அசாத்தியமான காது. 1983இல் கென்யாவின் மாசாய் மாராவில் விழித்திருந்த ஓர் இரவில் அவருக்கு அந்தப் பொறி தட்டியது: காட்டில் ஒவ்வோர் உயிரும் தனக்கென ஒரு சுருதியையும் ஒரு நேரத்தையும் பிடித்துவைத்துக்கொள்கிறது, ஒன்றன் குரலை இன்னொன்று மறைப்பதில்லை. அழகான கருதுகோள். கலிஃபோர்னியாவின் லிங்கன் புல்வெளியை 1988இலும், அதைச் சூழ்ந்த காட்டில் 'தேர்ந்தெடுத்து' மரம் வெட்டிய பிறகு 1989இலும் பதிந்து, கண்ணுக்குக் குறையில்லாமல் தெரிந்த இடம் காதுக்கு வெறிச்சோடிப்போனதைக் காட்டினார். அந்த ஒன்றுக்காகவே அவரை வணங்கலாம்.

ஆனால் அவர் அடிக்கடி சொல்லும் கணக்கு ஒன்று உண்டு. தொடக்கத்தில் 10 மணி நேரம் பதிந்தால் ஒரு மணி நேரம் தேறியதாம். இப்போது அதே ஒரு மணிக்கு 1,000 மணி நேரம் ஆகிறதாம். இயற்கை அழிவதற்குச் சான்றாக இதைக் கேட்டுக் கைதட்டுகிறோம். தேறாத அந்த 999 மணி நேரத்தில் என்ன இருந்தது? விமானமும் மரவாளும் மட்டுமா? மாரா என்பது மாசாய் மக்கள் மாடு மேய்த்த வெளி. அங்கே மாட்டுமணியும் மேய்ப்பனின் குரலும் காட்டோசைக்கு அந்நியம் என்று யார் தீர்மானித்தது? காடு மாறிய வரலாறு முழுக்க அந்தக் கழிவில்தான் இருக்கிறது.

கிராஸின் கருதுகோளையே பாலிங்கின் ரப்பர்த் தோட்டத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். விடியுமுன் குளிர்ச்சியில் மரத்துக்குள் அழுத்தம் மிகுந்திருக்கும், பால் நன்றாக ஓடும்; ஆகவே பால்வெட்டு இருட்டிலேயே தொடங்கும். பிரட்டு மணி, தலைவிளக்கோடு நிரைக்குள் நுழையும் காலடி, பட்டையில் உளி இழுக்கும் சத்தம், மங்கு உரசும் சத்தம். இவற்றுக்கு நடுவே மரத்தில் சுத்தியல் தட்டுவதுபோல 'டொக், டொக்' என்று பக்கிக்குருவி. எத்தனை தட்டு தட்டும் என்று வெள்ளைக்காரத் துரைமார் பந்தயம் கட்டுவார்களாம். வெளுக்கும் நேரத்தில் மலையோரக் காட்டிலிருந்து உங்கா என்ற வாலில்லாக் குரங்கின் பாட்டு. மூடா ஆற்றுக்கு வடக்கே வெள்ளைக்கை இனம், தெற்கே கருங்கை இனம். ஆற்றின் தலைப்பகுதியில் இரண்டும் கலக்கின்றன. பாட்டைக் கேட்டே எது எதுவென்று ஆய்வாளர்கள் பிரிக்கிறார்கள். வெயில் காலத்து நண்பகலில் ரப்பர்க் காய் பட்டென்று வெடிக்கும். இந்த வரிசையில் பால்வெட்டுக்காரருக்கும் ஒரு நேரம், ஒரு சுருதி உண்டு. அவரை வெட்டியெடுத்தால் மிஞ்சுவது பொய்.

தமிழ் வாசகருக்கு இது புதிதுமல்ல. தொல்காப்பியம் கருப்பொருளை எண்ணும்போது புள்ளையும் பறையையும் யாழையும் ஒரே மூச்சில் எண்ணுகிறது. மலைபடுகடாம் நன்னனின் மலையில் எழும் ஓசைகளை அடுக்குமிடத்தில், குட்டியைப் பிளவில் தவறவிட்ட மந்தியின் கதறலுக்குப் பக்கத்திலேயே யானைப் பாகரின் பேச்சும் பெண்களின் உலக்கைப் பாட்டும் வருகின்றன. அதைப் பாடிய பெருங்கௌசிகனாருக்குத் தேறாத மணி நேரம் என்று ஒன்று இல்லை.

ரப்பர்த் தோட்டத்தைப் பறவைகளின் சொர்க்கம் என்று நான் சொல்லவரவில்லை. காட்டை அழித்து நட்டதுதான் அதுவும். ஆனால் 1980களின் இறுதிவரை உலகின் முதல் ரப்பர் நாடாக இருந்த மலேசியா செம்பனைக்கு மாறியபோது, மரத்தோடு சேர்த்து ஒரு முழு ஒலி ஒழுங்கும் போனது. செம்பனையே மேற்கு ஆப்பிரிக்காவின் பயிர். மகரந்தம் சேர்க்க 1981இல் கேமரூனிலிருந்து ஒரு வண்டையும் வரவழைத்து விட்டார்கள். ஆப்பிரிக்க ஒலிக்காகக் காதில் கருவி மாட்டுகிறவர்கள் ஜன்னலைத் திறந்தால் போதும். குலை விழும் சத்தம், எலிக்காக வளர்க்கும் கூகையின் அலறல், அதற்கு மேல் அதிகமில்லை.

காடும் மௌனமாகிக்கொண்டிருக்கிறது. அதற்குப் பாட்டின் மீது கொண்ட ஆசையே ஒரு காரணம். குரலுக்காகப் பிடித்துப் பிடித்தே பாராவ்-பாராவ் பறவை 2018இல் மிக அருகிய இனங்களின் பட்டியலுக்குப் போனது. 2022இல் மலேசியாவும் சிங்கப்பூரும் முன்மொழிய, சோலைபாடியின் பன்னாட்டு வணிகத்துக்கும் கட்டுப்பாடு வந்தது. அதே 2022, ஜூலை 4: குனோங் ஈனாஸ் சரிவிலிருந்து சேறும் மரமும் புரண்டு வந்து பாலிங்கின் கூப்பாங் வட்டாரத்தில் மூன்று உயிர்களைப் பறித்தன. மலையில் காடு அழித்து டுரியான் வைத்ததுதான் காரணமா என்று நாடே வாதிட்டது. லிங்கன் புல்வெளிக்கு இருந்ததுபோல அந்தச் சரிவுக்கு முன்னும் பின்னுமாக இரண்டு ஒலிப்பதிவுகள் இருந்திருந்தால், வாதத்துக்கு ஒரு சாட்சி கூடியிருக்கும்.

பதிவுக் கருவி இல்லாத ஊரா இது? கெடா நகரங்களின் கடைமாடிகளில், கூடு கட்ட உழவாரக் குருவிகளை இழுக்க, பதிவு செய்த குருவிக் குரலை ஒலிபெருக்கி நாளெல்லாம் பொழிகிறது. பறவைக்கே பறவையொலி விற்கத் தெரிந்த நமக்கு, நம் தோட்டத்தைப் பதிந்துவைக்கத் தோன்றவில்லை. எழுத்தாளர்கள் சீ. முத்துசாமியும் கோ. புண்ணியவானும் தோட்டத்தை எழுத்தில் வைத்தார்கள். ஓசையை எழுத்து ஓரளவுக்குத்தான் தாங்கும்.

எஞ்சிய ரப்பர் நிரைகளும் லயங்களும் பாலிங், சிக், கோல கெட்டில் பக்கம் இன்னும் இருக்கின்றன. கைப்பேசி போதும். நாள், நேரம், தோட்டத்தின் பெயர், பழைய டிவிஷன் பெயர் நான்கையும் முதலில் வாயால் சொல்லிவிட்டுப் பதியுங்கள். கோயில் ஒலிபெருக்கி குறுக்கிட்டாலும், மோட்டார் சைக்கிள் போனாலும், யாராவது யாரையாவது பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் வெட்டாதீர்கள். 2005 முதல் இயங்கும் ஸெனோ-கான்டோ என்ற பொதுக் களஞ்சியம் யாருடைய பறவையொலிப் பதிவையும் இலவசமாக ஏற்றுக்கொள்கிறது.