ஒரு வசனம், ஒரு வாரம்

காலை வகுப்பில் ஒரு சங்கீதத்தைச் சொல் சொல்லாகப் பிரித்து, எபிரேய வேர் தேடி, எந்தக் காலத்தில் யார் இயற்றியது என்று வாதிடுகிறார் ஓர் இறையியல் மாணவர். இரவில் அதே சங்கீதத்தை ஜெபமாகச் சொல்ல முழங்காலிட்டால், நினைவுக்கு வருவது இலக்கணக் குறிப்புதான். இறையியல் கல்லூரிகளில் பலரும் வெளியே சொல்லத் தயங்கும் வறட்சி இது.

ஜெர்மன் இறையியலாளர் டீட்ரிக் போன்ஹோஃபர் இந்த வறட்சியை அறிந்தவர். 21 வயதிலேயே பெர்லினில் முனைவர் பட்டம் பெற்றவர் அவர். கிறிஸ்தவராக வாழத் தொடங்குமுன்பே இறையியலில் இறங்கிவிட்டதாகவும், அந்நாளில் ஜெபிப்பதே அரிதாக இருந்ததாகவும், வேதாகமம், அதிலும் மலைப்பிரசங்கம், தம்மை அந்த நிலையிலிருந்து விடுவித்ததாகவும் 1936இல் ஒரு கடிதத்தில் எழுதினார்.

நாஜி அரசின் பிடிக்குள் போக மறுத்த அறிக்கைத் திருச்சபை, 1935இல் தன் இளம் போதகர்களைப் பயிற்றும் பொறுப்பை அவரிடம் கொடுத்தது. அதற்கு முன் இங்கிலாந்தின் ஆங்கிலிக்கன் மடங்களுக்குச் சென்று, அங்கே நாள் எப்படி ஜெபத்தால் பகுக்கப்படுகிறது என்று கவனித்தார். காந்தியோடு தங்கிக் கற்கவும் விரும்பினார். 1934 நவம்பரில் காந்தியின் அழைப்புக் கடிதமும் வந்தது, பயணம்தான் கைகூடவில்லை. பால்டிக் கடலோரத்துச் சிங்ஸ்டில் தொடங்கிய பயிற்சி, சில மாதங்களில் ஸ்டெட்டின் அருகே ஃபிங்கன்வால்டேக்கு இடம்பெயர்ந்தது.

அங்கே தினமும் காலையில் அரைமணி நேரம் மௌன தியானம். ஒரு வாரம் முழுவதும் ஒரே சிறு வேதப்பகுதி. லூத்தரின் மொழிபெயர்ப்பு மட்டும், விளக்கவுரைகளைத் தொடக்கூடாது. அதிலிருந்து பிரசங்கக் குறிப்பு எடுக்கவும் கூடாது.

இந்தக் கடைசி விதிதான் பயிற்சியின் பெரும்பலம். போதகராகப் போகிறவர் எந்த வசனத்தைப் படித்தாலும், இதைச் சபைக்கு எப்படிச் சொல்லலாம் என்றுதான் மனம் கணக்குப் போடும். அந்தக் கணக்கை நாளில் அரைமணி நேரமாவது நிறுத்தினால், வசனம் அவரிடமே பேச இடம் கிடைக்கும். படிப்பு இதற்காகக் குறைக்கப்படவும் இல்லை. அங்கே நடந்த விரிவுரைகளே 1937இல் சீடத்துவம் பற்றிய அவருடைய புகழ்பெற்ற நூலாயின.

குறைகளும் உடனே தெரிந்தன. சிலருக்கு மனம் அலைந்தது, சிலர் தூங்கிப்போனார்கள். எப்படித் தியானிப்பது என்று சொல்லித்தராமல் உட்காரவைத்தால் வேறென்ன நடக்கும்? போன்ஹோஃபர் வெளியூர் போனபோது பழக்கம் தளர்ந்தது. ஒரு மனிதரின் ஆளுமையை நம்பி நிற்கும் பக்திக்கு இந்த ஆபத்து எப்போதும் உண்டு. அவர் பெரிதும் மதித்த இறையியலாளர் கார்ல் பார்த், இந்த ஏற்பாட்டில் மடாலய வாடை அடிப்பதாக 1936இல் கவலையோடு எழுதினார். பார்த்தின் கவலை நியாயமானது. ஆண்கள் மட்டும், பெரும்பாலும் மணமாகாதவர்கள், ஒரே கூரையின்கீழ் கழித்த வாழ்க்கை அது. வேலைக்குப் போய்க்கொண்டே அஞ்சல் வழியில் இறையியல் படிக்கும் இருபிள்ளைத் தாய்க்கு அதை அப்படியே கொடுக்க முடியாது.

ஆனால் ஃபிங்கன்வால்டே அந்த அரைமணி நேரம் மட்டும் அல்ல. தொடக்க நாளொன்றில் சமையலறைக்கு உதவி தேவை என்று கேட்டபோது ஒருவரும் எழவில்லை. போன்ஹோஃபர் பேசாமல் எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவத் தொடங்கினார். பின்னால் ஓடிவந்தவர்களை அவர் உள்ளே விடவில்லை. அங்கே இன்னொரு விதியும் இருந்தது: ஒரு சகோதரர் இல்லாத இடத்தில் அவரைப் பற்றிப் பேசக்கூடாது, பேசிவிட்டால் அவரிடமே போய்ச் சொல்லவேண்டும். திருவிருந்துக்கு முன் ஒருவருக்கொருவர் பாவ அறிக்கை செய்யவும் ஊக்குவித்தார். அவரே தம் மாணவர் ஒருவரிடம் அப்படிச் செய்தார். தனிமைத் தியானத்தில் ஒருவன் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்ளலாம். எதிரே ஒரு மனிதர் இருந்தால் அது அவ்வளவு எளிதல்ல.

1937 செப்டம்பரில் நாஜி இரகசியக் காவல்துறையான கெஸ்டாப்போ அந்த இல்லத்தை மூடியது. அவ்வாண்டு முடிவதற்குள் அங்கே பயின்ற 27 பேர் கைதானார்கள். பிந்திய கடிதங்களில் போன்ஹோஃபர் தம் பயிற்சியைப் பற்றி ஒளிவின்றிப் பேசினார். நாட்கணக்கில் வேதம் இல்லாமலே வாழ்வதாக 1942இல் எழுதினார். மீண்டும் திறக்கும்போது அது முன்னெப்போதையும்விடப் புதிதாக இருப்பதாகவும் சொன்னார். 1944 ஜூலையில் நாஜிச் சிறையிலிருந்து எழுதியபோது, புனித வாழ்வைப் பழகியே விசுவாசத்தை அடையலாம் என்று ஒருகாலத்தில் தாம் எண்ணியதை ஒப்புக்கொண்டார். சீடத்துவ நூலின் ஆபத்துகள் இப்போது தெரிகின்றன என்றார். ஆனாலும் எழுதியதைக் கைவிடவில்லை.

அந்தப் பயிற்சியைப் பற்றிய சரியான தீர்ப்பும் அதுவே. அது பயன்படும், ஆனால் விசுவாசத்தை உற்பத்தி செய்யாது. கால அட்டவணையில் அரைமணி நேரத்தைச் சேர்க்க நினைக்கும் கல்லூரிகள், முதலில் தியானிக்கக் கற்றுத்தரட்டும். மனம் திறந்து பேச ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு துணையை அமைத்துத்தரட்டும். மாணவர்கள் கல்லூரிக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். இன்றிரவு விடுதி அறையில், அங்கே இல்லாத ஒருவரைப் பற்றிப் பேச்சு எழுந்தால் நிறுத்திக்கொள்ளலாம். பேசிவிட்டால், நாளை காலை அவரிடமே போய்ச் சொல்லலாம்.