எதிரெதிரே நடக்கும் ஜோடி

தொண்ணூறுகளின் கடைசியில் திருத்துறைப்பூண்டியில் டிவி கேம் இருந்த வீடென்றால் ஒரு மஞ்சள் கேசட்டும் இருக்கும். மேலே ஆயிரக்கணக்கில் கேம் என்று அச்சடித்திருப்பான். போட்டுப் பார்த்தால் வந்ததே திரும்பத் திரும்ப வரும். கான்ட்ராவுக்கும் மரியோவுக்கும்தான் அடிதடி. பட்டியலில் எங்கோ கிடந்த ‘பைனரி லேண்ட்’ வந்தால், “ஐய, பெங்குயின் கேமா? மாத்துடா” என்பார்கள். ஜப்பானின் ஹட்சன் சாஃப்ட் 1985-ல் ஃபேமிகாம் என்ற விளையாட்டுக் கருவிக்குக் கொண்டுவந்த ஆட்டம் அது.

குரின், மலோன் என்று இரண்டு பெங்குயின்கள். மேலே கூண்டுக்குள் ஓர் இதயம். நேரம் முடிவதற்குள் இரண்டும் அதன் இருபக்கமும் ஒன்றாக வந்து நிற்க வேண்டும். கட்டளை ஒன்றுதான், நடை இரண்டு: இடது பொத்தானை அழுத்தினால் ஒன்று இடப்பக்கம் போகும், மற்றது வலப்பக்கம். மேலே கீழே போவதில் மட்டும் ஒற்றுமை. நுகத்தடியில் பூட்டிய மாடுகளில் ஒன்று கிழக்கேயும் ஒன்று மேற்கேயும் இழுத்தால் எப்படியிருக்கும்!

நயம் இனிமேல்தான். இரண்டு பக்கத்துப் பாதையும் ஒன்றுபோல் இருக்காது. ஒன்றுக்குச் சுவர் இடிக்கும், மற்றது விடுவிடுவென்று போய்விடும். முதலில் சுவரைத் திட்டுவோம். பிறகுதான் புரியும், முந்திப்போனதை நிறுத்திவைக்க அந்தச் சுவரைத் தவிர வேறு வழியே இல்லை என்று. ஒன்றைச் சுவரில் முட்டவிட்டு, பின்தங்கியதை நாலு கட்டம் நடத்திச் சமப்படுத்த வேண்டும். கண் இரண்டு பக்கமும் ஓடும், கட்டைவிரல் ஒன்றே ஒன்று.

சிலந்தி வந்தால் ஸ்பிரே. டெல்டாப் பிள்ளைகளுக்கு மருந்தடிக்கச் சொல்லித்தரவா வேண்டும்? ஒன்று வலையில் மாட்டினால் அசையாது. மற்றது தேடிப் போய் வலைக்கு மருந்தடித்து மீட்க வேண்டும். அந்தச் சில நொடிகளும் அது தனியாகத்தான் நடக்கும். இரண்டும் மாட்டினால் ஓர் உயிர் காலி. கதை சொல்ல ஒரு வரி வசனம் கிடையாது. ஆனாலும் மீட்கப் போகும்போது விரல் தானாகவே பதறும்.

கான்ட்ராவை மட்டமென்று சொல்லவில்லை. ஆனால் அதில் விரல் வேகம் பழகினால் பாதி ஆட்டம் முடிந்தது. இதில் வேகம் பழகியவன்தான் முதலில் தோற்பான். என் கணக்கில் அந்தக் கேசட்டிலேயே மூளைக்கு அதிகம் வேலை வைத்த ஆட்டம் இதுதான்.

பரணில் அந்த மஞ்சள் கேசட் இன்னும் கிடந்தால், மரியோவைத் தாண்டிப் பட்டியலில் கொஞ்சம் கீழே இறங்கிப் பாருங்கள்.