ஆல்பா துகள் எங்கே நிற்கும்?

1909இல் மான்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வகத்தில் ஹான்ஸ் கைகரும் எர்னஸ்ட் மார்ஸ்டனும் இருட்டில் அமர்ந்து, துத்தநாக சல்ஃபைடு திரையில் தெறித்த மினுக்கங்களை ஒவ்வொன்றாக எண்ணினார்கள். பிளாட்டினத்தின் மீது பாய்ந்த ஆல்பா துகள்களில் சுமார் 8,000இல் ஒன்று 90 டிகிரிக்கும் அதிகமாகத் திரும்பி வந்தது. அணுவின் மின்னூட்டம் மையத்தில் மிகச் சிறிய இடத்துக்குள் ஒடுங்கியிருந்தால்தான் இது நடக்கும் என்று 1911இல் ரூதர்ஃபோர்டு எழுதினார். அந்த இடம் எவ்வளவு சிறியது? துகளின் இயக்க ஆற்றல் முழுவதும் மின்னழுத்த ஆற்றலாக மாறிவிடும் தொலைவை அவர் கணக்கிட்டார். மைய மின்னூட்டம் எலக்ட்ரானுடையதைப் போல 100 மடங்கு என்று வைத்துக்கொண்டதில் 34 ஃபெம்டோமீட்டர் கிடைத்தது.

பிளஸ் டூ இயற்பியல் படித்தவர்கள் இதே கணக்கைத் தங்க அணுக்கருவுக்குப் போட்டிருப்பார்கள். தங்கத்தில் 79 புரோட்டான்கள், ஆல்பா துகளில் 2. ஒரு ஃபெம்டோமீட்டர் இடைவெளியில் இருக்கும் இரு புரோட்டான்களின் மின்னழுத்த ஆற்றல் 1.44 மெகா எலக்ட்ரான் வோல்ட். மூன்றையும் பெருக்கினால் 227.5. வரும் துகளின் ஆற்றல் 7.7 மெகா எலக்ட்ரான் வோல்ட் என்றால், அதனால் வகுக்க வேண்டும். விடை ஏறக்குறைய 30 ஃபெம்டோமீட்டர். இரண்டே வரியில் கணக்கு முடிகிறது.

இந்தச் சுருக்கம்தான் ஆற்றல் முறையின் பெரிய பலம். விசையை வைத்துப் போனால் வேலை கூடிவிடும். அணுக்கருவிலிருந்து 100 ஃபெம்டோமீட்டரில் இருந்த துகள் 30க்கு வருவதற்குள் விலக்கு விசை 11 மடங்கு பெருகுகிறது. முடுக்கம் நொடிக்கு நொடி மாறுவதால் நுண்கணிதம் இல்லாமல் நகர முடியாது. ஆற்றல் முறையோ தொடக்கத்தையும் முடிவையும் மட்டும் கேட்கிறது. நிலைமின் விசை செய்யும் வேலை பாதையைப் பொறுத்ததல்ல என்பதால், இடையில் நடந்ததைக் கேட்காமலே அதனால் சரியான விடை சொல்ல முடிகிறது.

ஆய்வகத்திலும் இதன் பயன் பெரிது. ஒரு வோல்ட் மின்னழுத்த வேறுபாட்டைக் கடக்கும் எலக்ட்ரான், மின்வாய்களின் வடிவம் எதுவாக இருந்தாலும் ஓர் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலைப் பெறும். 1914இல் ஃபிராங்க்கும் ஹெர்ட்ஸும் பாதரச ஆவி நிரப்பிய குழாயில் மின்னழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனார்கள். ஒவ்வொரு 4.9 வோல்ட்டுக்கும் மின்னோட்டம் சரிந்தது. எந்த எலக்ட்ரான் எந்த அணுவோடு எங்கே மோதியது என்று அறியாமலேயே, பாதரச அணு ஆற்றலை 4.9 எலக்ட்ரான் வோல்ட் அளவில்தான் வாங்கிக்கொள்கிறது என்பது தெரிந்துவிட்டது.

ஆனால் இதே முறை வகுப்பறையில் கையாளப்படும் விதத்தில் குறைகள் உண்டு. முதல் குறை, விடையைப் புரிந்துகொள்வதில் இருக்கிறது. 30 ஃபெம்டோமீட்டரைத் தங்க அணுக்கருவின் ஆரமாகவே பல மாணவர்கள் மனத்தில் பதித்துக்கொள்கிறார்கள். உண்மையான ஆரம் 7 ஃபெம்டோமீட்டர் அளவுதான். துகள் அவ்வளவு தூரம்தான் நெருங்கியது, அணுக்கரு அதைவிடச் சிறியது என்பதற்கு மேல் இந்தக் கணக்கு எதையும் சொல்லவில்லை. மேல் எல்லையை அளவீடாக எடுத்துக்கொள்வது எண்களைக் கையாளும் பழக்கத்தையே கெடுக்கும்.

அடுத்தது, இந்த இரண்டு வரிக் கணக்கு நேருக்கு நேர் மோதலுக்கு மட்டுமே பொருந்தும். 90 டிகிரி திரும்பும் துகள் எந்தக் கணத்திலும் நிற்பதில்லை. பக்கவாட்டில் ஓடிக்கொண்டே, 36 ஃபெம்டோமீட்டருக்குக் கிட்டே வராமல் விலகிவிடுகிறது. இதைக் கண்டுபிடிக்க ஆற்றலோடு கோண உந்தமும் வேண்டும். ரூதர்ஃபோர்டு இரண்டையும் சேர்த்தே தம் சிதறல் சூத்திரத்தைப் பெற்றார். எந்தக் கோணத்தில் எத்தனை துகள்கள் வரும் என்ற அந்தச் சூத்திரத்தை 1913இல் கைகரும் மார்ஸ்டனும் சோதித்து உறுதிசெய்தார்கள். அணுக்கருக் கொள்கைக்கு வலுவான சான்று அந்த எண்ணிக்கைதான். இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். மையம் ஈர்த்தாலும் விலக்கினாலும் சிதறல் கணக்கு ஒரே விடையைத் தரும். அதனால்தான் 1911இல் ரூதர்ஃபோர்டு மைய மின்னூட்டம் நேரா எதிரா என்று முடிவு கட்டவில்லை. 'துகள் நின்று திரும்பும்' என்று தொடங்கும் பாடப்புத்தகக் கணக்கு, அந்த முடிவை முன்கூட்டியே எடுத்துக்கொண்டுவிடுகிறது.

மூன்றாவது குறை இன்னும் அடிப்படையானது. மின்னழுத்த ஆற்றல் ஒரு துகளின் தனிச்சொத்து அல்ல, இரண்டுக்கும் பொதுவானது. ஒரு ஆங்ஸ்ட்ராம் இடைவெளியில் இருக்கும் இரு புரோட்டான்களின் ஆற்றல் 14.4 எலக்ட்ரான் வோல்ட். ஒன்றைப் பிடித்துவைத்து மற்றதை விட்டால், அது நொடிக்கு 52 கிலோமீட்டர் வேகத்தை எட்டும். இரண்டையும் விட்டால் ஆளுக்குப் பாதியாக 7.2, வேகம் சுமார் 37 கிலோமீட்டர். முழு ஆற்றலையும் இரு புரோட்டான்களுக்கும் தனித்தனியே கொடுத்துவிடுவது விடைத்தாள்களில் அடிக்கடி காணும் தவறு. தங்கம் ஆல்பா துகளைப் போல ஏறக்குறைய 50 மடங்கு கனமானது என்பதால், ரூதர்ஃபோர்டு கணக்கில் இந்தப் பங்கீட்டை மறந்தாலும் 2 சதவீதம்தான் பிசகும். கனமான உதாரணத்திலேயே பழகுவதால் குறை கண்ணில் படுவதில்லை.

நான்காவது, இயக்க ஆற்றலையும் மின்னழுத்த ஆற்றலையும் கூட்டினால் மொத்தம் எப்போதும் மாறாது என்ற எண்ணம். முடுக்கப்படும் மின்துகள் கதிர்வீசும், அதற்கான ஆற்றல் மின்காந்தப் புலத்துக்குப் போகும். மெதுவான ஆல்பா துகளுக்கு அந்த இழப்பு பொருட்படுத்தத்தக்கதல்ல. ஜெனீவா அருகே 27 கிலோமீட்டர் சுற்றளவில் இயங்கிய எல்.இ.பி. முடுக்கியிலோ, 10,000 கோடி எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் சுற்றிய எலக்ட்ரான் ஒரே சுற்றில் சுமார் 300 கோடியை இழந்தது. ஆற்றல் மாறா விதி அங்கே தோற்கவில்லை. இரண்டு கணக்குத் தலைப்புகள் மட்டும் போதும் என்ற எண்ணம்தான் தோற்றது.

இயக்க ஆற்றல் எதிர்க்குறியில் இருக்க முடியாது என்பது கணக்கில் சொல்லாமலே ஒளிந்திருக்கும் இன்னொரு நிபந்தனை. 1927இல் ரூதர்ஃபோர்டையே இது திணறடித்தது. யுரேனியத்தின் மீது ஏவிய 7.7 மெகா எலக்ட்ரான் வோல்ட் துகளால் மின்னழுத்த அரணைத் தாண்டி உள்ளே போக முடியவில்லை. ஆனால் யுரேனியம் வெளிவிடும் ஆல்பா துகளின் ஆற்றலோ 4.2 மட்டுமே. ஏற முடியாத அரணைத் தாண்டி அது எப்படி வந்தது? 1928இல் காமோவும், தனியாக கர்னியும் காண்டனும், குவாண்டம் ஊடுருவல் என்ற விடையைத் தந்தார்கள். மொத்த ஆற்றல் மாறவே இல்லை. துகள் எங்கே நிற்க வேண்டும் என்ற பழைய கட்டளை மட்டும் உடைந்தது.

ஆகவே குறைகள் விதியில் இல்லை, நிபந்தனைகளைச் சொல்லாமல் விதியைக் கையில் கொடுக்கும் வழக்கத்தில் இருக்கின்றன. இதைச் சரிசெய்யப் புதிய பாடம் எதுவும் தேவையில்லை. தங்கக் கணக்கை முடித்த கையோடு, அதே 7.7 துகளை அலுமினியத்தின் மீது ஏவச் சொன்னால் போதும். அலுமினியம் அசையாது என்று எடுத்துக்கொண்டால் விடை 4.9 ஃபெம்டோமீட்டர். அது பின்னோக்கி உதைபடுவதையும் சேர்த்தால் 5.6. அந்தத் தொலைவில் இரு அணுக்கருக்களும் கிட்டத்தட்டத் தொட்டுக்கொள்கின்றன, அணுக்கரு விசை குறுக்கிடத் தொடங்குகிறது. 1924இல் பீலர் அலுமினியத்திலும் மக்னீசியத்திலும் சிதறல் எண்ணிக்கை சூத்திரத்திலிருந்து விலகுவதைக் கண்டது இப்படிப்பட்ட நெருக்கத்தில்தான். மாணவரின் இரண்டு வரிக் கணக்கு எந்த இடத்தில் செல்லாமல் போகிறது என்பதை இந்த ஒரு கேள்வியே அவர் நோட்டில் காட்டிவிடும்.